முன்னால் போகிறவள்

கமலாதேவியின் மகள் அபிஷா எந்தப் பண்ணையில் குதிரைச் சாணம் அள்ளுகிறாள் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிய வந்தது. அடுத்த ஞாயிறு வழி தேர்வது என்னுடைய முறை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

நொர்வேஜிய ஊரான ஹொல்ம்லியாவில் நாங்கள் ஏழு தமிழ்ப் பெண்கள், பனி போனதிலிருந்து ஒக்ரோபர் வரை ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓடுகிறோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், கமலாதேவியும் எங்களில் ஒருத்தி. முதல் வருசம் எந்தப் பக்கம் போவது என்று ரயில் நிலையத்தடியில் நின்றே அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். ஒவ்வொரு கிழமையும் ஒருத்தியின் முறை. அவள் எங்கே போகிறோம் என்று சொல்லமாட்டாள். மற்றவர்கள் கேட்கவும் கூடாது. அவள் முன்னால் போவாள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். தேநீரும் கடிக்க ஏதாவது கொண்டுவருவதும் அவளுடைய பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை சாருகா வடக்கே ஹம்மர்பெஸ்டிலிருந்து போன் எடுத்தாள். என் மகள் அங்கே போய் இரண்டு வருசம். மாதத்தில் ஒருமுறை எடுப்பாள். அங்கே பனி எவ்வளவு, இங்கே மழை எவ்வளவு, அப்பாவுக்கு முழங்கால் எப்படி. பத்து நிமிசத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு நாற்பது நிமிசம் கதைத்தாள். சிநேகிதி அபிஷாவை நினைத்து அவளுக்கு நித்திரை இல்லை. அபிஷா வெளிநாட்டில், கிராக்கோவில், டொக்டர் படிப்பை நாலாம் வருசத்தில் விட்டுவிட்டாளாம். மனம் உடைந்து கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தாளாம். இப்போது நாவ் என்கிற அரச உதவி அலுவலகத்தார் ஒழுங்கு செய்து, ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் குதிரைகளோடு வேலை. படிப்பை விட்டது தாய்க்குத் தெரியும். திரும்பப் படிக்கப் போகுமட்டும் ஹொல்ம்லியாப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்னதே தாய்தான். மகள் திராமன் ஊரில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள் என்று தாய் நினைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"தெரியும். நீங்கள் கதைக்காத ஆள். அதுதான் உங்களுக்குச் சொல்லுறன்."

போனை வைத்த பிறகு நான் குசினி மேசையில் இருந்தேன். வெளியே வெளிச்சம் போகவில்லை, மே மாதத்தில் அது போகப் பத்து மணி தாண்டும். என் பிள்ளை இரண்டு வருசத்துக்குப் பிறகு என்னை நம்பி ஒன்றைச் சொல்லியிருக்கிறாள் என்ற சந்தோசம் முதலில் வந்தது. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன் அதே ஏரிக்கரையில், ஒரு மர வாங்கில், சாருகா யூலியாவின் தோளில் தலை சாய்த்து இருந்ததைக் கமலாதேவி கண்டாள். யூலியா சாருகாவோடு வேலை செய்த நொர்வேஜியப் பிள்ளை. கமலா கண்டதை என்னிடம் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே அழுதிருப்பேன். அவள் அதை ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தியில் வைத்துச் சொன்னாள். ஐந்தாறு வாய் கடந்து என் கணவர் ஆனந்தராஜாவின் காதுக்கு வரும்போது அந்த வாங்கு ஒரு கட்டிலாகியிருந்தது. அவர் மகளோடு கதைப்பதை விட்டார். சாருகா வடக்கே வேலை எடுத்தாள், யூலியாவும் கூடப் போனாள். அவள் பையோடு வாசலில் நின்றாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் கமலா ஞாயிறுகளில் என் பக்கத்தில் சைக்கிள் ஓடினாள். "பிள்ளையள் தூர இருந்தாலும் நல்லா இருந்தால் காணும், என்ன மலர்" என்றாள். நான் தலையாட்டினேன். கிராக்கோவ்க் கதைகள் சொன்னாள். அபிஷா முதல் பிரேதம் வெட்டிய கதை, அபிஷாவைப் பேராசிரியர் பாராட்டிய கதை. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு நான் பெடலை மிதித்தேன்.

யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சாருகாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லத் தேவையில்லை. நான் வழியைத் தேர்ந்தால் போதும்.

வியாழக்கிழமை வேலையில் அரை நாள் லீவு எடுத்துத் தனியே போய்ப் பார்த்தேன். ஏரியைச் சுற்றிப் போகிற பாதையில் பழைய பண்ணைவீடுகள் வரும். வெள்ளை மரவீடு, சிவப்புக் கொட்டில், எலி ஏறாமல் கல் கால்களில் தூக்கி வைத்த தானிய அறை. மூன்றாவது பண்ணையில் குதிரைகள் நின்றன. பதினொரு மணிக்கு லாயக் கதவு திறந்து, அபிஷா ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். முழங்கால் வரை றப்பர்ச் சப்பாத்து. மெலிந்திருந்தாள். வேலியடியில் நின்ற ஒரு மண்ணிறக் குதிரை அவளின் தொப்பியைக் கவ்விப் பிடுங்கியது. அவள் சிரித்தாள், குதிரையை ஏதோ ஏசினாள், தமிழில்.

நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். இதைச் செய்யாமல் விடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் மறைக்கவில்லை. பிறகு திரும்பி வருகிற வழியில் அந்த வாங்கைக் கடந்தேன். அதில் யாரோ இரண்டு கிழவர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை முப்பது மீன் ரோல்ஸ் பொரித்தேன்.

ஞாயிறு ஒன்பதரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். எங்களில் மூத்தவர் இராசமணி அக்கா. என் கூடையைத் திறந்து மணந்து பார்த்தார்.

"மலர் முறையெண்டால் ஊமைப்படம் பாக்கிற மாதிரி. ஆனால் சாப்பாடு திறம்."

"ஏத்தம் இருக்கோ மலர்? அதையாவது சொல்லும்," என்றாள் கமலா. புதுத் தலைக்கவசம் போட்டிருந்தாள், ஊதா நிறம். "எனக்கு ராத்திரி நித்திரை இல்லை. அபிஷாவுக்கு நாளைக்குச் சோதினை. கிராக்கோவிலை பிள்ளை முழிச்சிருக்க, தாய் இஞ்சை எப்பிடிப் படுக்கிறது?"

"நீர் முழிச்சிருந்தால் அவளுக்குப் புள்ளி கூடப் போடுவாங்களோ?" என்றார் இராசமணி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் முன்னால் போனேன்.

ஆற்றோரப் பாதையில் ஏறி, வீட்டுத்தொகுதிகளைக் கடந்து, ஏரிக்கு வந்தோம். அது பறவைகள் காப்பிடம். கரையெல்லாம் நாணல், நாணலுக்குள் கூடுகள், கூடுகளுக்கு மேல் கருந்தலைக் கடற்காகங்களின் கூச்சல். கமலா சைக்கிளை நிற்பாட்டி அறிவிப்புப் பலகையை வாசித்தாள்.

"முட்டை இடுற காலமாம். பாதையை விட்டு இறங்கக் கூடாதாம், சத்தம் போடக் கூடாதாம். அக்காவை இஞ்சை விடேலாது."

"உம்மை விட்டால் முட்டைக்குள்ளை இருக்கிறதும் காதைப் பொத்தும்," என்றார் இராசமணி அக்கா.

வாங்கு வந்தது. நான் வேகத்தைக் குறைத்துத் திரும்பிக் கமலாவைப் பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. அன்றைக்கு எதைக் கண்டாள் என்பதுகூட இப்போது அவளுக்கு நினைவில்லைப் போலிருந்தது. என் வீட்டை உடைத்தது அவளுக்கு ஒரு பந்திக் கதை. அந்த இடத்திலிருந்து பண்ணைவரை நான் எதையும் யோசிக்கவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிசம் இருக்க மூன்றாவது பண்ணைக்கு முன்னால் நிறுத்தி, புல்லில் விரிப்பை விரித்தேன். லாயக் கதவு நேரே தெரிந்தது. தேநீர் ஊற்றினேன். ரோல்ஸ் பெட்டியைக் கமலாவின் கையில் முதலில் கொடுத்தேன்.

கதவு திறந்தது.

முதலில் கண்டவர் இராசமணி அக்கா. அவர் உடனே கோப்பைக்குள் பார்த்தார். பிறகு ஒவ்வொருத்தராகக் கண்டார்கள், ஒவ்வொருத்தராகக் கண்ணை எடுத்தார்கள். கமலா கடித்த ரோல்ஸை வாயில் வைத்தபடி இருந்தாள். இருபது மீற்றர் தூரத்தில் அவளுடைய பிள்ளை சாணவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். கமலா மென்றாள். விழுங்கினாள்.

"இதுக்குள்ளை என்ன மீன் போட்டனீர், மலர்? ரின்னிலை அடைச்ச மீனோ?"

"ரின் மீனெண்டால் இந்த ருசி வராது," என்று யாரோ அவசரமாகச் சொன்னார்கள்.

"மிளகு கூடப் போட்டிருக்கு," என்றார் இராசமணி அக்கா.

ஆறு பேரும் மீனைப் பற்றிக் கதைத்தார்கள். மக்கரலா, சாளையா, உருளைக்கிழங்கை மசிப்பதா வெட்டுவதா. எனக்கு விளங்கியது. இவர்கள் காணமாட்டார்கள். முகத்துக்கு நேரே ஒன்றைக் காணாமல் விடுவது எங்கள் மரியாதை. வீட்டுக்குப் போன பிறகு போனில் கதைப்பார்கள், கமலாவின் காதுக்கு எட்டாமல். கமலா அடுத்த ஞாயிறும் சோதினைக் கதை சொல்லுவாள். நான் மீன் ரோல்ஸ் பொரித்தது மட்டும் மிஞ்சும்.

அபிஷா வண்டியை மெல்லத் திருப்பினாள்.

"அபிஷா," என்று கூப்பிட்டேன்.

என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. நாணலுக்குள்ளிருந்து இரண்டு வாத்துகள் எழும்பின. அபிஷா வண்டியை விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றியபடி வந்தாள். விரிப்பின் ஓரத்தில் நின்றாள். சப்பாத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"நீ திராமனிலை எண்டெல்லோ..." என்று தொடங்கிய கமலா நிறுத்திக்கொண்டாள்.

காலையில் கிராக்கோவ் என்றவள், இப்போது திராமன் என்கிறாள். இனி ஒருவரும் காணாத மாதிரி இருக்க முடியாது. ஆறு முகங்கள் கமலா பக்கம் திரும்பின. அவளுடைய முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்து, பிறகு சாம்பலாகியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, அது இனித்தது. இரண்டு வருசமாக அந்த முகத்தைத்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் தேடியிருக்கிறேன்.

"தற்செயலா வந்தனாங்கள் பிள்ளை," என்றாள் கமலா. குரல் இறங்கியிருந்தது. "மலர்தான் முன்னாலை வந்தவ. என்ன மலர், தற்செயல்தானே?"

அபிஷா தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, சாருகாவோ சொன்னவள்?"

ஓம் தற்செயல்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் சாருகாவுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கும். இரண்டு பிள்ளைகளும் சிநேகிதிகளாக இருந்திருப்பார்கள், சாருகா மாதம் ஒருமுறை என்னோடு கதைக்கிற பத்து நிமிசம் நாற்பது நிமிசமாக வளர்ந்திருக்கும். ஆனால் கமலா அதைத் தலைவிதி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இதைச் செய்தது நான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் கண்ணால் கெஞ்சினாள். என்னிடம் அவள் ஒன்றை வேண்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தற்செயல் இல்லை," என்றேன். "தெரிஞ்சுதான் கூட்டிக்கொண்டு வந்தனான். சாருகா எனக்குச் சொன்னவள்."

இராசமணி அக்கா "மலர்" என்று மட்டும் சொன்னார்.

அபிஷா தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு விளங்கிய மாதிரி. "அம்மா, நீங்கள் போங்கோ. எனக்கு வேலை கிடக்கு," என்றாள். வண்டியைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போனாள். கமலா விரிப்பில் கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. யாரோ கை கொடுத்தார்கள். அவள் பிள்ளைக்குப் பின்னால் போகவில்லை. தலைக்கவசத்தின் பட்டியை மாட்டினாள், அது மாட்டவில்லை, திரும்ப மாட்டினாள்.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதை வளைகிற இடம்வரை நடந்தேன். அபிஷா சொல்வதற்கு முன் நானே சாருகாவுக்குச் சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. போனை எடுத்தேன்.

"அம்மா?" சாருகாவின் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. "நீங்களா எடுக்கிறியள்? என்ன, எல்லாம் சுகமோ?"

நான் சொன்னேன். முழுவதையும், ஒழுங்காக, ரோல்ஸ் உட்பட. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு கதைத்ததில்லை. மறுபக்கத்தில் சத்தமே இல்லை. எங்கள் வீட்டில் மௌனம் என்னுடையது. அன்றைக்கு அது அவளுடையதாக இருந்தது. அதற்குள் நின்று பார்த்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு முன்பு தெரிந்திருக்கவில்லை. தூரத்தில் யூலியாவின் குரல் ஏதோ கேட்டது.

"சாருகா."

"ஓம், நிக்கிறன்."

பிறகு அவள் மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காகச் செய்தனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அம்மா."

அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்திருந்தேன்.