கருநாக்குக்காரரின் பிளேஆஃப் கணிப்பு

"ஒரே ஒரு வார்த்தை, அக்கா. அதைச் சொன்னா அந்த மனுஷன் வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"மெதுவாப் பேசுடி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது."

"கேக்கட்டும். சனிக்கிழமை காலையில ரிசல்ட்டு. நீ ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டுக் கெடக்கிற. 'ஒண்ணும் இருக்காதும்மா, பயப்படாத'ன்னு ஒரு தடவை சொன்னாரா? பேச்சை எடுத்தாலே செருப்பைத் தேடுறாரு. அந்தப் பந்து விளையாட்டுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதத் தெரியுது. அக்கா, மாமாவுக்கு உன்னவிட அந்த கோல்கீப்பரோட முட்டிவலிதான் பெருசு."

பிறகு அக்காவின் குரல் தாழ்ந்து வந்தது.

"அது இல்லடி. அவரு கை வச்சுப் பார்த்தாரு. கெட்டதுன்னு அவருக்கு மனசுல பட்டிருக்கு. அதான் பொய் சொல்ல வாய் வரல. எனக்கு அதுதான் பயம்."

அக்காவின் கணவர் பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தோளில் கருவிப் பை, ஒரு காலில் மட்டும் ஷூ. கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி பாதிப் படிக்கட்டு இறங்கினார். கொஞ்சம் நின்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கால்களைத் தட்டித் தட்டி வைத்து மேலே ஏறி வந்தார். மச்சினி அவர் முகத்தைப் பார்க்காமலே தன் பையை எடுத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்று கிளம்பிப் போனாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ரிசல்ட் தரப்போகிற பரிசோதனைக்கூடம் இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அதைப் போன வாரம்தான் பார்த்தார். இன்றைக்குக் காரணமே இல்லாமல் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை அவளை அதில்தான் ஏற்றிக் கூட்டிப் போக வேண்டும். லிஃப்ட் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் அந்தக் கட்டடத்தில் அவரால் செய்ய முடிந்த வேலை எதுவும் இல்லை.

மச்சினி சொன்னதில் பாதி உண்மை. அவருக்கு எழுதத் தெரியும். கால்பந்து ரசிகர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில், ஒவ்வொரு சீசன் முடிவிலும் தன் டீமைப் பற்றி நீளமாக எழுதுவார். கடைசியில், கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டத்தில் என்ன நடக்கும் என்று கணிப்பார். முதல் வருஷம் "கோப்பை நம்ம கையில" என்று எழுதினார். மேட்ச் ஆரம்பித்த சூட்டிலேயே கேப்டன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், அப்புறம் அவன் விளையாடவே இல்லை. அடுத்த வருஷம் அடக்கமாக "ஜெயிப்போம்" என்று மட்டும் போட்டார். கொட்டித் தீர்த்த மழையில் தங்கள் வலைக்குள்ளேயே கோல் போட்டுத் தோற்றார்கள். அதன் பிறகுதான் கேலரியில் அவர் பக்கத்தில் உட்காரும் சலூன்காரர் அவருக்குக் "கருநாக்கு" என்று பேர் வைத்தார். சாதாரணக் கருநாக்கு கெட்டது சொன்னால் பலிக்கும். இவருடையது ஒரு படி மேல், நல்லது சொன்னால் தலைகீழாகப் பலிக்கும். அதனால் ரசிகர்களே கேட்டுக்கொண்டபடி, "நாம தோப்போம்" என்று எழுத ஆரம்பித்தார். டீம் ஜெயித்தது. கீழே வரிசையாகப் பதில்கள் வந்தன: "அண்ணே, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்." இந்த சீசன் ஆரம்பத்தில், "கடைசி இடம் நமக்குத்தான், எழுதி வச்சுக்குங்க" என்றார். டீம் இப்போது பிளேஆஃப்பில் நிற்கிறது.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துச் சிரித்தே அது எப்போது உள்ளே போய் உட்கார்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

லிஃப்ட்டின் எஃகுக் கயிற்றில் ஓர் இழை அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பழைய பருத்தித் துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட்டை மெல்ல ஓடவிட வேண்டும். அறுந்த இடத்தில் துணி சிக்கும். அவ்வளவுதான், ஒரு சின்னப் பிடிப்பு. கொஞ்ச நாளுக்கு முன்னால், குளித்துவிட்டு வந்த மனைவி, "உங்க கைக்குத்தான் எல்லாம் தெரியுமே, இங்க தொட்டுப் பாருங்க" என்று அவர் விரல்களை எடுத்து அக்குளுக்குக் கீழே வைத்தாள். விரல் நகர்ந்தது. ஓரிடத்தில் துணி சிக்கியது.

இப்போது அவள் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய வெளுத்துப்போன டீம் சட்டை அவள் மடியில் இருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஏங்க, நான் ஒண்ணு கேட்டா எழுந்து போகக் கூடாது."

அவர் உட்கார்ந்தார்.

"உங்க கைக்கு என்ன பட்டுச்சு?"

"கைக்கு என்ன தெரியும்? அது என்ன லிஃப்ட்டுக் கயிறா?"

"அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லுங்க."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே, புல்லில் புரண்டுகொண்டிருந்த அந்தக் கேப்டனும் வந்தான்.

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா விளங்காது. உனக்கே தெரியும், என்னை அங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு."

அவள் அவரையே பார்த்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா? இதுக்கா இத்தன நாளு? நான் என்னென்னவோ நெனச்சு உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டிருக்கேன். அந்த சலூன்காரர் கிண்டலுக்கு வச்ச பேரை நீங்க நம்புறீங்களா?"

"நம்பல."

"நம்பலைன்னா சொல்லுங்க."

அவர் சன்னலைப் பார்த்தார்.

"சரி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டீமுக்குப் பண்றதையே எனக்கும் பண்ணுங்க. இவளுக்கு வந்திருக்கிறது கெட்ட கட்டிதான், இவ பொழைக்க மாட்டான்னு சொல்லுங்க. தலைகீழாப் பலிக்குமில்ல? சொல்லிட்டு வாங்க, காபி போடுறேன்."

"சும்மா இரு."

"வருஷா வருஷம் தோப்போம் தோப்போம்னு வாய் கூசாமத்தானே எழுதுறீங்க. பொண்டாட்டிக்கு ஒரு தடவை சொல்லக் கூடாதா?"

விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள். அவரும் விளையாட்டாகச் சொல்லிவிட்டால் போதும், இந்தப் பேச்சு சிரிப்பில் முடிந்துவிடும். "உனக்கு..." என்று ஆரம்பித்தார். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு தடவை மட்டும் நாக்கு நேராகப் பலித்துவிட்டால்? டீம் தோற்றால் அடுத்த சீசன் வரும். அதே கேலரி, அதே நாற்காலி, புதுக் கேப்டன். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் தொங்கவிட்டது முடித்ததைவிட மோசமாகிவிட்டது என்று அவருக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் அவள் சிரிப்பு நின்றிருந்தது.

சட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்தின் மேல் விழுகிற சத்தமாக இல்லை. வெறும் தண்ணீர்.

போன் அடித்தது. சலூன்காரர்.

"என்னண்ணே, இன்னும் நம்மளத் தோக்கடிக்காம வச்சிருக்கீங்க? சனிக்கிழமை சாயங்காலம் மேட்ச்சு. அவனவன் பக்கத்தைத் தொறந்து தொறந்து பார்க்கிறான்."

"எழுதுறேன்."

"நாலஞ்சு கோல்ல தோப்போம்னு போடுங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஆமா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமி..." என்றவர் அதைக்கூட முடிக்காமல் போனை வைத்தார். ஒண்ணுமில்லை என்று சொல்லவும் இப்போது பயமாக இருந்தது.

கூடத்து மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தார். சட்டை மடியிலேயே இருந்தது. தட்ட ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். சீசன் முடிஞ்சுது. உண்மையைச் சொல்றேன், இந்த வருஷம் நான் ஒரு மேட்ச்சும் நிம்மதியாப் பார்க்கல. ஆரம்பத்துல வரிசையா தோத்தோம், கோச்சை மாத்தினாங்க. பெரிய கோல்கீப்பருக்கு முட்டி போனப்ப எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அதுவரைக்கும் பெஞ்ச்சுல கையுறையோட உக்காந்தே இருந்த அந்த ரெண்டாவது கீப்பர் உள்ள வந்தான். முதல் மேட்ச்சுல அவன் கால் நடுங்கினது கேலரியில இருந்தே தெரிஞ்சுது. நடுங்கிக்கிட்டேதான் பெனால்டியைப் பிடிச்சான். அவன் இல்லைன்னா நாம இங்க இல்லை. அந்த நடுக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

இப்ப பிளேஆஃப். லீக்ல முதல் இடத்துல வந்தவன் மைதானத்துக்கே போய் ஆடணும். அவங்க இடதுபக்க ஆளு காத்து மாதிரி ஓடுறான். நம்ம வலதுபக்க டிஃபெண்டருக்கு வயசாயிடுச்சு. அவனைத் தனியா விட்டா கதை கந்தல்."

இங்கே அவர் நிறுத்தினார். இதற்கு அடுத்த வரியை இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர். "அதனால நாம" என்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டி, மறுபடி அழித்தார். சமையலறையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து கம்ப்யூட்டரை அப்படியே தூக்கி, திரை சமையலறை வாசலைப் பார்க்கிற மாதிரி மேசையின் அந்த ஓரத்தில் வைத்தார். பக்கவாட்டில் குனிந்து நின்றபடி, எழுத்து சரியாகத் தெரியாமல், மீதியைத் தட்டினார்.

"யார் ஜெயிப்பாங்கன்னு இந்தத் தடவை எழுதல. கோவிச்சுக்காதீங்க. என் நாக்கை நான் இனிமே எதுக்கும் எடுக்கப் போறதில்லை. பதிலுக்கு ஒரு உதவி கேக்குறேன். எங்க வீட்டம்மாவுக்கு உடம்புல ஒரு கட்டி. சனிக்கிழமை காலையில ரிசல்ட்டு வருது. நான் அவளுக்கு ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லணும், என்னால முடியல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். உங்க நாக்கெல்லாம் நல்ல நாக்கு. மேட்ச்சைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். 'ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க'ன்னு கீழ ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. நான் வாய்விட்டுப் படிச்சுக் காட்ட மாட்டேன். ஸ்கிரீனை அவ பக்கம் திருப்பி வச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வருவா. அதுக்குள்ள யாராவது எழுதுங்க."