நாலாவது பாட்டில் வாய்மூடும் பிளேயர்

1

இங்கே வங்காளத்தில், சார்ஜர் வாங்கச் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போன இடத்தில், ஒரு தமிழ் மாமி கடைக்காரரோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்தேன். கையில் ஒரே ஒரு சிடி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கணவர் இறந்த மறு வருஷம், அவர் குரல் பதிந்த சிடியை எடுத்துக்கொண்டு ராஜலக்ஷ்மி—"

ம்ஹூம். மனுஷனை வீணாகச் சாகடிப்பானேன்? கணவர் பட்டாபிராமன் டாலிகஞ்ச் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கட்டும். குரலைத் தொலைத்தவள் ராஜலக்ஷ்மியே. தொண்டையில் ஆபரேஷன். பேச்சு கரகரவென்று வரும். பாட்டு வருமா என்று அவள் முணுமுணுத்துக்கூடப் பார்த்ததில்லை, பயம். அவள் பாடியதில் மிச்சம் அந்தச் சிடிதான்.

3

அதையும் பட்டாபிராமன் கெடுத்தார். (திட்டாதீர்கள், பக்தியில் செய்தது.) ஆயுத பூஜையன்று ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தவர், சிடிக்கும் வைத்தார். பளபளக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்துவிட்டார்! காய்ந்ததும் அழுத்தித் துடைத்தும் வைத்தார். கீறல். வீட்டிலிருந்த பழைய பிளேயர் திணறிச் செத்தது. மகன் மாதவின் கம்ப்யூட்டர் சிடியைத் துப்பிவிட்டது.

4

புது பிளேயர் வாங்க இருவரும் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் தன் சிடியைப் போட்டுக் கடையையே அதிரவைத்தார். "பேஸைக் கேளுங்க, மாஷிமா!" (மாமிக்கு வங்காளியில் மாஷிமா.)

"உங்களுது எதுக்கு? என்னோடதைப் போடுங்கோ." (அவளும் வங்காளியில்தான் சொன்னாள், நான் தமிழாக்கிவிட்டேன்.)

கலர் விளக்கு மினுக்கிய பெரிய செட், சிடியே இல்லையென்று சாதித்தது. அடுத்தது ரெண்டு வரி பாடி விக்கியது.

"என் தப்புதான், ராஜி. ஆத்துக்குப் போயிடலாமே," என்றார் பட்டாபிராமன்.

"பேசாம இருங்கோ. கேக்காம நகர மாட்டேன்."

மூன்றாவது, புத்தக அலமாரியில் அடங்குகிற சின்ன செட். சிடியை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது. அப்புறம் ராஜலக்ஷ்மி பாடினாள், கடை முழுக்க. பட்டாபிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதுகிறவன் அழக் கூடாதாம். எனக்கும் அழுகை வந்தது.

நாலாவது பாட்டில் மட்டும், அனுபல்லவியில் ஒரு வரிக்கு வாயை மூடிக்கொண்டது. திரும்பப் போட்டாலும் அதே இடத்தில்.

5

முடிவு ஒன்று: இன்னொரு செட் அந்த வரியையும் பாடிவிடுகிறது. எழுதினேன், பொய் சொல்ல வாய் கூசியது.

முடிவு இரண்டு: மனமுடைந்த ராஜலக்ஷ்மி ஹவுரா போகும் படகிலிருந்து சிடியை ஆற்றில்— சீ! இவளா? இவளை இன்னும் எனக்கே சரியாகத் தெரியவில்லை போல.

"வேற கடை பாக்கலாமா?" என்றார் பட்டாபிராமன்.

"வேண்டாம். இதையே பேக் பண்ணச் சொல்லுங்கோ. மத்ததெல்லாம் நன்னா வரதோல்லியோ?"

"அந்த வரி?"

"அதை நான் பாடிக்கறேன்."

[இதை நான் எழுதவில்லை. அவளாகச் சொன்னாள்.]

6

செட்டை ஹாலில் வைத்தாயிற்று. நாலாவது பாட்டு. அந்த இடம் நெருங்குகிறது. பட்டாபிராமன் ஃபேனை நிறுத்துகிறார். ராஜலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, வாயைத்—

குரல் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுத மாட்டேன். ஒரு வரி நேரம் நீங்கள் சும்மா இருந்து கேளுங்கள்.