பெட்டி நிறையச் சிக்கனம்

என் கணவர் புத்தகம் படிப்பவர். கதைப் புத்தகம் என்றால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இவர் படிப்பதெல்லாம் பணத்தை எப்படிச் சேர்ப்பது, நல்ல மனிதனாக எப்படி வாழ்வது என்கிற ரகம். படித்து முடித்த மறுநாளே அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிடும்.

சிக்கனப் புத்தகம் படித்தபோது ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி உறை போட்டார். நல்ல பழக்கம்தான், மறுக்கமாட்டேன். என் தையல் மெஷின் மோட்டார் புகைய ஆரம்பித்ததிலிருந்து 'மெஷின்' உறையில் நான்தான் காசு போட்டு வந்தேன். ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடை ஆர்டர் கையில் இருந்தது. சொன்ன தேதியில் கொடுத்துவிட்டால் வருஷம் முழுக்க அந்த வேலை எனக்குத்தான்.

மோட்டார் நேற்று ஒரேயடியாக நின்றுபோனது. உறையைத் திறந்தேன். காலி.

"என்னங்க, இதுல இருந்த பணம் எங்க?"

முகம் மலர ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துவந்தார். அதே சிக்கனப் புத்தகம், பெட்டி நிறைய.

"இப்போ சேவையைப் பத்தி ஒண்ணு படிச்சேன்மா. நமக்கு எது உதவுச்சோ அதை நாலு பேருக்குக் கொடுக்கணுமாம். எல்லாருக்கும் இலவசமா கொடுக்கப்போறேன்."

"சிக்கனமா இருக்கச் சொல்ற புஸ்தகத்தை வாங்க வீட்டுக் காசைக் கரைச்சீங்களா?"

"மொத்தமா வாங்கினதால தள்ளுபடி கெடைச்சுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகக் கடைக்கு ஃபோன் போட்டேன். தள்ளுபடியில் விற்றதைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம்.

வேறு வழியில்லாமல் கையால் தைக்க உட்கார்ந்தேன். இன்று காலை ஆஸ்பத்திரி மேலாளரம்மா வந்தார். வேலை கிடந்த லட்சணத்தைப் பார்த்தார்.

"பாதியை வேற எடத்துல கொடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

துணியோடு வாசல் தாண்டியவரின் கையில் என் கணவர் ஒரு புத்தகத்தைத் திணித்தார். "படிச்சுப் பாருங்க மேடம், ரொம்ப உபயோகமா இருக்கும்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டினேன்.

"சேவைதானே? உட்காருங்க. பட்டன் தைங்க."

ஒரு பட்டன் தைப்பதற்குள் இரண்டு முறை குத்திக்கொண்டார். விரலைச் சப்பியபடி கேட்டார்: "ஏம்மா, தெனமும் இதையா செய்யறே?"

"பின்னே, அந்த உறைக்குக் காசு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பட்டனை எடுத்தார்.