சிவப்புத் தட்டில் இல்லாத பின்

தம்பியின் பட்டறையில் இருப்பது கணினியில் ஓடும் ஒரே ஒரு கடைசல் இயந்திரம், சிஎன்சி லேத். அவன் இரும்புத் தண்டை மாட்டி, புரோகிராம் போட்டு ஓட்டுவான். கடைந்து வந்து விழுவதையெல்லாம் அக்கா அளந்து பார்த்து அனுப்புவாள். தலைமுடி கனத்தில் ஒரு துளி பிசகினாலும் தள்ளிவிடுவாள் என்பதால், வேலை கொடுக்கிறவர்களிடம் அவளுக்கு 'மைக்ரான் அக்கா' என்றே பெயர்.

அன்று காலை அவள் வருவதற்குள், தயாரான இரும்புப் பின்களின் பெட்டி வேனில் ஏறிப் போயிருந்தது. எழுந்திருக்க முடியாத நோயாளிகளைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்கிற கருவிக்கான பின்கள் அவை. ஆளின் பாரம் முழுக்க அதில்தான் தொங்கும். முந்தின நாள் இரும்பை வெட்டுகிற டிப் பாதியில் உடைந்து, ஒரு பின்னைச் சுற்றிக் கடைந்த பள்ளத்தில் கீறல் விழுந்துவிட்டது. அதைக் கழித்துக்கட்டி, சிவப்புத் தட்டில் போட்டவளே அவள்தான். இப்போது தட்டு காலி.

மேசைக்கடியில் பார்த்தாள். சுருள் சுருளாய்க் கிடந்த இரும்புச் சீவலுக்குள் கைவிட்டுத் துழாவி, விரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். பெட்டியை நிரப்பி அனுப்பியவன் தம்பி. பல்வலியில் துடித்துக்கொண்டிருந்தவன், கையோடு கையாக இதையும் அள்ளிப் போட்டிருந்தால்? கேட்கலாமென்றால், பல் பிடுங்கப் போனவன் போனை அணைத்து வைத்திருந்தான். பட்டறைக்கு ஓடிவரும்படி செய்தி அனுப்பினாள்.

சின்னக் கீறல்தானே, தாங்கிவிடும் என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. அந்தக் கருவியில் யாரோ ஒருத்தியின் அப்பா தொங்குவாரே என்று நினைத்தாள். அதற்குமேல் சமாதானம் எடுபடவில்லை. கருவி பூட்டும் கம்பெனியைக் கூப்பிட்டாள். அங்கே பொறுப்பிலிருந்த பெண், பெட்டியைப் பிரித்தாயிற்று, சிலதை மாட்டியும் ஆயிற்று என்றாள்.

"இதுக்கு மேல எதையும் மாட்டாதீங்க. ஒண்ணு கெட்டது கலந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. நான் நேர்லயே வர்றேன்."

கெட்ட பின்னைக் காணோம், கம்பெனிக்குப் போகிறேன் என்று தம்பிக்கு இன்னொரு செய்தி தட்டிவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது, மாட்டியிருந்த பின்களை அவர்கள் முகம் சுளிக்காமல் கழற்றி வைத்திருந்தார்கள். அதுவே அவளைக் கூசவைத்தது. ஒவ்வொன்றாக எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, பள்ளத்தில் நகத்தால் வருடினாள். நகம் எங்கேயும் இடறவில்லை. கடைசிப் பின்னும் வழவழவென்று இருந்தது. நெஞ்சில் ஏறியிருந்த கல் பாதி இறங்கியது. மீதி இறங்க மறுத்தது. அப்படியானால் அந்தக் கெட்ட பின் எங்கே?

அப்போதுதான் தம்பி வந்தான். ஒரு கன்னம் பந்துபோல் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. மூச்சிரைக்க வந்தவன், சட்டைப்பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்து நீட்டினான். பிரித்தால், அந்தப் பின்.

"திப்புக் கதைக்காரன்கித்த காத்தப் போனேங்கா," என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. அவன் உடைவதுபோலக் கையைக் காட்டி, பின்னைச் சுட்டி, யாரையோ திட்டுவதுபோல விரலை ஆட்டிய பிறகு அக்காவுக்குப் பிடிபட்டது. டிப் விற்கிற கடைக்காரனிடம், 'உன் சரக்கு செய்த லட்சணத்தைப் பார்' என்று காட்டக் கொண்டுபோயிருக்கிறான்.

அவள் கீறலை நகத்தால் தடவினாள். அதேதான். பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. பொறுப்பிலிருந்த பெண் அவள் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கழற்றியதைத் திரும்பப் பூட்டச் சொன்னாள்.

பூட்டி முடித்ததும் அந்தப் பெண் அக்காவிடம் கேட்டாள்: "ஆளை வச்சுத் தூக்கிப் பார்க்கணும். நீங்க உட்கார்றீங்களா?"

அக்கா மறுக்கவில்லை. கருவி அவளை மெல்லத் தூக்கியது. செருப்பு நழுவித் தரையில் விழுந்தது. கீழே தம்பி, அவள் விழுந்தால் பிடிப்பவன்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். ஒரு அசைவில்லை, ஒரு முனகலில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து இப்போதுதான் முழு மூச்சு விட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அவனை ஆற அமர, ஒன்றுவிடாமல் திட்டிக்கொண்டே வந்தாள். சொல்லாமல் எடுத்தது, போனை அணைத்தது, சின்ன வயதில் செய்தது என்று எல்லாம் வந்தது. பஞ்சை அடக்கிக்கொண்டு அவன் தலையை மட்டும் ஆட்டினான். பட்டறை வாசலில் இறங்கும்போது, "ரொம்ப வலிக்குதாடா?" என்று கேட்டாள்.