மூன்றாவது சட்டைத் துணி

வெர்லீன் ஸ்டோக்ஸ் தன் கார்பைன் துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். துப்பாக்கிக் கடைக்காரன் ஓடெல் அதைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று பார்த்துவிட்டு, எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்காமல் சிரித்தான். அலபாமாவின் அந்த மூலையில் யாருடைய குறி தப்பியது என்பது ஊருக்கே தெரியும். மானைச் சுட்டுத் தவறவிட்டவரின் சட்டைப் பின்பக்கத்தை வேட்டைக் குடிலில் எல்லோருமாகச் சேர்ந்து வெட்டிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷம் அவள் துணி அந்தச் சுவரில் ஏறியதில்லை. கடைசி இரண்டு வருஷத்தில் இரண்டு ஏறிவிட்டது. தொடர்ந்து மூன்றாவதும் ஏறினால், குடில் வழக்கப்படி, ஓடைக்கரை ஓக் மரத்தில் அவளுக்கு இருக்கும் பரண் கைமாறிவிடும். வரிசையில் முதலில் நிற்பவன் அவள் கொழுந்தன் டாய்ல்.

மானெல்லாம் அவளுக்குப் பளிச்சென்றுதான் தெரிகிறது. குழல் முனையில் இருக்கும் குறிமுள்தான் ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்குப் பஞ்சுபோல் கலங்கிப்போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் என்பது கிழடுகளுக்கான மூக்குக்கண்ணாடி என்று குடிலில் சத்தமாகச் சொல்லித் திரிபவனே டாய்ல்தான். போன வருஷம், எப்படியும் வெட்டத்தானே போகிறார்கள் என்று, நைந்த சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போனாள். குறி தப்பியதைவிட அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஓடெல் முழ நீளத்துக்கு ஒரு ஸ்கோப்பை எடுத்து வைத்தான். "பன்னெண்டு மடங்கு பெருசா காட்டும்க்கா. போன வாரம்கூட ஒருத்தர் இதத்தான் வாங்கிட்டுப் போனாரு."

"யாரு?"

"பேரச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

அதைப் பூட்டித் தரச்சொல்லி, வெர்லீன் பின்சுவரில் மாட்டியிருந்த மான் தலைக்கு நேராகத் திரும்பி நின்றாள். ஸ்கோப் தானாகக் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள், பிறகு திறந்தாள். ஒரே இருட்டு. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிய பிறகு ஒரு மூக்குத்துளை மட்டும் தெரிந்தது.

"மானப் பாக்கணும்டா ஓடெல். அதுக்குச் சளி பிடிச்சிருக்கான்னு பாக்க வேண்டாம்."

"இதுதான்க்கா இப்ப எல்லாரும்..."

"என் பரண்லேந்து மிஞ்சிப் போனா எண்பது கஜம். சின்னதா, விலை கொறச்சலா என்ன வச்சிருக்க?"

மனசில்லாமல் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். சாண் நீளம்கூட இல்லை, இரண்டு மடங்குதான் காட்டும். நூற்று இருபது டாலர். பீக்கன் கொட்டை விற்ற காசுக்குள் அடங்கியது. பெரியதைக் கழற்றி இதைப் பூட்டியதும் மறுபடி கண்ணை மூடித் திறந்தாள். மான் தலை கொம்போடு முழுசாக வட்டத்துக்குள் நின்றது. கழுத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே தாராளமாக நாலு விரல் இடம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் அழுகையும்.

அப்போதுதான் கதவு மணி அடித்தது. டாய்ல். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தான். அக்குளில் ஒரு நீளமான காகிதப் பொட்டலம். அண்ணியைப் பார்த்ததும் திரும்பி வெளியே நழுவப் பார்த்தான்.

"எங்கடா ஓடுற? உள்ள வா." கிட்டே போய்த் தொப்பியைத் தூக்கினாள். வலது புருவத்துக்கு மேலே பிறைபோல ஒரு காயம், மூன்று தையல்.

"கதவு இடிச்சிருச்சு அண்ணி."

"வட்டக் கதவா?"

ஓடெல் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரிய ஸ்கோப்பைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துச் சுட்டால், துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். அந்தப் பிறையைத் தெரியாதவர் அந்த ஊரில் இல்லை.

டாய்ல் பொட்டலத்தை மேசையில் போட்டான். "எனக்கும் முள்ளு தெரியல அண்ணி. ரெண்டு வருஷமாச்சு. சுடாமயே வந்து மான் வரலன்னு சொல்லிட்டிருக்கேன். குடில்ல சொல்லிடாதீங்க."

சொன்னால் ஒரு மாதம் ஊரே சிரிக்கும். நினைக்கவே இனித்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் ஏன்டா சொல்றேன்? என் பரண நான் சுட்டே காப்பாத்திக்கிறேன்."

அவள் துப்பாக்கிமேல் இருந்ததைப் பார்த்து அவன் கேட்டான்: "ஓடெல், இது மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

"இருந்தது ஒண்ணுதான். அக்கா எடுத்தாச்சு."

வேட்டை தொடங்கிய விடியலில் வெர்லீன் பரணில் உட்கார்ந்திருந்தாள். போட்டிருந்தது புதுச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, கடைத்தெருவுக்குக்கூட இன்னும் போட்டுப் போகாதது. மேட்டுப்பக்கம் டாய்லின் துப்பாக்கி ஒருமுறை வெடித்தது. உடனே இன்னொருமுறை. பிறகு அவன் யாரையோ திட்டும் சத்தம். வெர்லீன் மேல்கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தாள். தையல் கத்தரி பத்திரமாக இருந்தது.

ஓடையோரம் சருகு நொறுங்கியது. அவள் கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தாள். வட்டம் நிறைய வெளிச்சம். அதன் நடுவில், கொம்பில் ஒரு கொடித் துண்டு தொங்க, மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.