கையெழுத்துப் போடாத படம்

றெக்ஸ் அண்ணா குடியை விட்டு ஒன்றரை வருடம். கிளினிக்கிலிருந்து வந்த நாள்முதல், பழைய கமரா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெர்மனியின் இந்த ஹம் நகரத் தெருக்களில் படம் எடுத்துத் திரிகிறார். இப்போது மாதா கோயில் மண்டபத்தில் அவருடைய இருபது படங்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அவர் விழுந்து கிடந்த நாள்களில் வாந்தி துடைத்த என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு படத்தையும் படிவத்தையும் என் முன்னால் வைத்தார். இந்த நாட்டில் முகம் தெரிகிற படத்தைக் காட்டுவதற்கு அந்த ஆளின் சம்மதம் வேண்டும். படத்தில் இருந்தது நான். ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன், புத்தகப் பை மடியில். பின்னால் ரயில் புறப்படுகிறது. பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறாமல் இருந்த காலம் அது. இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன்.

"என்னைக் கண்டனீங்கள்தானே அண்ணா. ஏன் கூப்பிடேல்லை?"

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "வெளிச்சம் நல்லா விழுந்தது, எடுத்திட்டன். பிறகு உன்னட்டை வரப் பயமாக் கிடந்தது. கிளினிக்காலை வந்து நாலாம் நாள்."

கையெழுத்துப் போட ஏலாது என்றேன். அதுதான் திறமான படம் என்று மண்டபத்துக்குப் பொறுப்பான லாரா சொன்னாராம். அப்படியென்றால் கட்டாயம் போடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அம்மா கரண்டியோடு குசினியிலிருந்து வந்தார். "அவனைக் குழப்பாதை பிள்ளை. திரும்பக் குடிச்சானெண்டால் ஆர் பொறுப்பு?"

இந்தக் கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன். பின்னேரம் முழுவதும் ஜன்னலடியில் நின்று, குடித்துவிட்டு வரக்கூடாது என்று செபித்தேன். செபத்துக்கு அடியில் இன்னொரு ஆசையும் கிடந்தது. குடித்துவிட்டு வரட்டும், கை குலுக்கியவர்கள் பார்க்கட்டும்.

ஆறு மணிக்கு வந்தார். கதவைத் திறந்து, கிட்டப் போய் மணந்து பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. என் முகத்தில் ஊதினார்.

"கோப்பி. வேறை ஒண்டுமில்லை."

அந்தப் படம் வேண்டாம் என்று லாராவிடம் சொல்லிவிட்டாராம். பத்தொன்பது போதுமாம்.

எனக்கு உடனே நிம்மதி வரவில்லை. நான் மறுத்ததைத் தாங்கிக்கொண்டு நேராக நடந்து வந்திருக்கிறார். இப்போது அந்த நடையின் மேலும் எனக்குப் பொறாமை.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா வழக்கம்போலப் பெரிய மீன் துண்டை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தார். நான் எட்டி அதை எடுத்துக்கொண்டு என் சின்னத் துண்டை அங்கே வைத்தேன். அம்மா பதறிப்போய் அவரைப் பார்த்தார். அவர் அதில் முள் எடுக்கத் தொடங்கியிருந்தார்.