பதினாலாம் நாள் எண்ணிக்கை

வயிற்றைக் கீறியதும் புழுக்கள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன். நாலு மாதக் குதிரைக்குட்டி. புழு அடைத்துக் குடல் வெடித்துச் செத்திருந்தது. கால்நடை மருத்துவர் கார்மக் நிமிர்ந்து பார்த்தார். நூவலா டியர்னி கண்ணை எடுக்கவில்லை. அந்தக் குட்டி பிறந்தபோது அதன் மூக்கிலிருந்து சவ்வை விலக்கி மூச்சு விட வைத்தவள் அவள்தான்.

கில்டேரில் இருந்த அந்தக் குதிரைப் பண்ணையில் பத்தொன்பது வருஷமாகக் குட்டிகள் அவள் பொறுப்பு. மேலாளர் டெலஹன்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மாசா மாசம் மருந்து குடுத்தா இவ்வளவு புழு எப்படி வரும்? நீ குடுத்திருக்க மாட்ட."

"குடுத்தேன். ஒரு மாசம்கூடத் தவறல."

"அப்ப குட்டி துப்பியிருக்கும், நீ பாத்திருக்க மாட்ட. வயசாகுதில்ல உனக்கு?"

"ஆகுது. உங்க மருந்துக்கும்தான் வயசாகுது. பன்னெண்டு வருஷமா அதே பேஸ்ட். புழு அதுக்குப் பழகிப்போச்சு."

கார்மக் குறுக்கிட்டார். "சோதிச்சுப் பாத்துடலாம். மருந்து குடுக்கறதுக்கு முந்தி லத்தியில இருக்கற புழு முட்டையை எண்ணணும். பதினாலு நாள் கழிச்சு மறுபடி எண்ணணும். மருந்து வேலை செஞ்சா முட்டை இருக்கக் கூடாது."

"ஒண்ணும் வேண்டாம். நவம்பர்ல ஏலம். நம்ம குட்டிங்களுக்குப் புழுன்னு பேச்சு கிளம்பினா எவன் கை தூக்குவான்?"

சாயங்காலம் முதலாளிக்குப் போன அறிக்கையில், பராமரிப்பாளரின் கவனக்குறைவால் குட்டி இறந்தது என்று டெலஹன்ட் எழுதியிருந்தார். அதை அவரே அவளிடம் சொன்னார்.

மறுநாள் காலை அவள் சேறு படிந்த பூட்ஸோடு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். விரிப்பில் தடம் விழுந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"என் கை சரியில்லன்னு எழுதிட்டீங்க. சரி, உங்க கையால குடுங்க. பத்துக் குட்டி. எடை பாத்து, அளவு பாத்து, நீங்களே வாயில போடுங்க. அப்புறம் எண்ணுவோம்."

"எனக்கு வேற வேலையில்லயா?"

"பயமா இருந்தா சொல்லிடுங்க. குட்டி ஒண்ணும் கடிச்சுத் தின்னுடாது."

வாசலில் நின்ற லாயக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு டெலஹன்டால் மறுக்க முடியவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. முதலில் ஒவ்வொரு குட்டியின் லத்தியையும் தனித்தனிப் பையில் எடுத்துப் பெயர் எழுதினாள். பிறகு குட்டியை எடைமேடையில் ஏற்றினாள். டெலஹன்ட் சிரிஞ்சை அதன் நாக்குக்கு மேல் வைத்து அழுத்தினார். மூன்றாவது குட்டி தலையை உதறியதில் அவர் டையெல்லாம் பேஸ்ட்.

"டைக்குப் புழு இல்ல. குட்டிக்கு இன்னொரு சிரிஞ்ச் போடுங்க" என்றாள் நூவலா. ஒவ்வொரு வாயையும் திறந்து, விழுங்கியாயிற்றா என்று அவரையே பார்க்க வைத்தாள்.

பதினாலாம் நாள் மறுபடி பத்துப் பை லத்தியோடு கார்மக்கின் மருத்துவமனைக்குப் போனாள். உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, கண்ணாடியில் ஏற்றினார் அவர். தானும் பார்க்க வேண்டும் என்று நூவலா பிடிவாதம் பிடித்தாள். மைக்ரோஸ்கோப்பில் உருண்டையாக, பழுப்பாக, தடித்த ஓட்டோடு முட்டைகள் கிடந்தன. ஒரு குட்டிக்கு மருந்துக்கு முன் கிராமுக்கு அறுநூறு முட்டை. இப்போது அறுநூற்று ஐம்பது. பத்தில் எட்டுக்கு எண்ணிக்கை இறங்கவே இல்லை.

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. இந்த வேலையைப் போன வருஷமே செய்திருந்தால் அந்தக் குட்டி இன்று வயலில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நினைத்தபோது தன்மேலேயும் கோபம் வந்தது.

டெலஹன்ட் எண்ணிக்கைத் தாளைப் படித்தார். மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "ஏலம் முடியட்டும், பாக்கலாம்."

"ஏழு பேரோட குதிரைங்க நம்மகிட்ட வந்து குட்டி போட்டிருக்கு. அதெல்லாம் வீட்டுக்குத் திரும்பப் போகுது. இந்த முட்டை அவங்க புல்லுலயும் விழும். அவங்களும் இதே பேஸ்ட்டை நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"அது அவங்க பாடு."

நூவலா அவர் மேசையிலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் கண் முன்னாலேயே ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள், எண்ணிக்கையைச் சொன்னாள்.

டெலஹன்டின் முகம் சிவந்துவிட்டது. "நாளையிலருந்து வராதே."

"வியாழக்கிழமை குட்டிங்களுக்கு வேற மருந்து குடுக்கணும். வருவேன். முடிஞ்சா வாசல்ல நின்னு தடுங்க."

வியாழக்கிழமை அவர் உண்மையிலேயே வாசலில் நின்றார். ஆனால் இடையில் புதன்கிழமை முழுக்க அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. எண்ணிக்கைத் தாள் வேண்டும் என்று அந்த ஏழு பேரில் ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். நூவலா இல்லையென்றால் தன் குதிரைகளை அன்றைக்கே ஏற்றிப்போய்விடுவதாக அவர்களில் ஒரு பெண்மணி சொல்லியிருந்தார்.

"அறிக்கையை மாத்தி எழுதிட்டேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"காட்டுங்க."

அவர் நீட்டிய தாளை அவள் மழையிலேயே நின்று கடைசி வரி வரை படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். "சரி. இனிமே மாசா மாசம் இங்கயே எண்ணணும். ஒரு மைக்ரோஸ்கோப் வாங்குங்க."

"உனக்குத் திமிர் அதிகம், நூவலா."

"இருக்கட்டும். வழிய விடுங்க, குட்டிங்க காத்திருக்கு."

புதிய மருந்து மெதுவாகக் கொல்லும் வகை. செத்த புழுக்கள் ஒரேயடியாகக் குடலை அடைத்துவிடக் கூடாது என்று கார்மக் தேர்ந்தெடுத்தது. பத்துக் குட்டிக்கும் அவளே கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து எண்ணியபோது ஒன்பதில் ஒரு முட்டைகூட இல்லை. பத்தாவதில் கொஞ்சம் இருந்தது. அந்தக் குட்டியைத் தனி வயலுக்கு மாற்றிவிட்டு, மறுபடி எண்ண வேண்டும் என்று அதன் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தாள்.